வலப்பக்கம் தெரியாத மாடுகள்

கென்யங்கி வரைந்த மாடுகள் அத்தனையும் இடது பக்கமாகவே நடந்தன. பதினெட்டு வருஷமாக அப்படித்தான். ருஷோஸி கடைத்தெருவில் அவள் மாடு இல்லாத சுவர் குறைவு. முடிவெட்டும் கடையில் ஒன்று நிற்கும், மருந்துக்கடையில் ஒன்று நிற்கும், பாதிரியார் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மட்டும் இரண்டு. இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. நாங்கள் மாட்டைப் பார்த்தால் கொம்பைப் பார்ப்போம், மடியைப் பார்ப்போம், நிறத்துக்கு என்ன பெயர் என்று அரைநாள் சண்டை போடுவோம். அது எந்தத் திசையில் போகிறது என்று யார் கவனித்தது? அதைக் கண்டுபிடிக்கப் பால் சங்கத்துத் தலைவர் பரிக்யே வரவேண்டியிருந்தது. அவரும் ரசனையால் கண்டுபிடிக்கவில்லை, பயத்தால் கண்டுபிடித்தார்.

அந்தக் கதைக்குப் போகுமுன் கென்யங்கி யார் என்று சொல்லிவிட வேண்டும். அவள் பிறந்தது கடைத்தெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம் போனால் வரும் மலைச்சரிவில். அப்பாவுக்கு மாடுகள் இருந்தன. எத்தனை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. மாட்டைத் தலை எண்ணுகிறவன் வேலையற்றவன் என்பது அப்பாவின் கட்சி. சாயங்காலம் தொழுவ வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். எந்தப் பெயருக்குத் தலை திரும்பவில்லையோ அந்த மாடு வரவில்லை என்று கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கென்யங்கிக்கு வீட்டு வாசல்தான் இடம். பால் குடுவைகளைக் கழுவி, புல்லைக் கொளுத்தி உள்ளே புகை காட்டிக் கவிழ்த்து வைப்பது அவள் வேலை. நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எங்கள் மாடுகளின் கொம்பைப் பார்த்தவர்களுக்கு அந்த அம்மாவைக் குறை சொல்லத் தோன்றாது. ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும், ஒரு தலையசைப்பு போதும். காலையில் மாடுகள் தொழுவத்தின் மறுவாசல் வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும். சாயங்காலம்தான் வீட்டு வாசலை ஒட்டிய பாதையில் வலமிருந்து இடமாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் கொம்பு தெரியும், பிறகு முகம், பிறகு வயிறு, கடைசியில் வால். இன்றைக்கும் அவள் கொம்பிலிருந்துதான் வரையத் தொடங்குவாள். பென்சில் கோடு போடும் பழக்கமே கிடையாது.

அந்த வரிசையில் மயெஞ்ஜே என்று ஒரு புள்ளி மாடு. மற்றதெல்லாம் நேராகத் தொழுவத்துக்குப் போக, இது மட்டும் வரிசையை விட்டு விலகி வந்து வாசல் சுவரை உரசிக்கொண்டு நிற்கும். கென்யங்கி உள்ளங்கையில் உப்பு வைத்திருப்பாள். அது அவள் மணிக்கட்டு வரைக்கும் நக்கிவிட்டுத்தான் நகரும். மூன்று வருஷம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. "உலகத்துல என்னைத் தேடி முதன்முதலா வந்தது மயெஞ்ஜேதான், அப்புறம்தான் நீங்க" என்று கல்யாணத்தன்றே புருஷன் யோகானாவிடம் சொல்லிவிட்டாள். யோகானா நல்ல மனுஷன், மாட்டுக்கு அடுத்த இடத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு கோடையில் நோய் வந்து தொழுவம் காலியானது. குடும்பம் ருஷோஸிக்கு வந்தது. அவள் வளர்ந்தாள், பெயர்ப்பலகை எழுதும் யோகானாவைக் கட்டிக்கொண்டாள், நான்கு பிள்ளைகளைப் பெற்றாள். நாற்பத்து மூன்று வயதுவரை தூரிகையைக் கழுவியதோடு சரி. யோகானாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் பலகைகள் அவளிடம் வந்தன. முடிவெட்டும் கடைக்கு மூன்று விதமான தலை வரையச் சொல்லியிருந்தார்கள். தலைகளை வரைந்தாள். மூலையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அங்கே ஒரு கொம்பு வந்தது, கொம்பு வந்த பிறகு மாடு வராமல் இருக்குமா? கடைக்காரன் தாம்தூம் என்று குதித்தான். மறுவாரமே, "அந்த மாட்டுக்காரக் கடையில வெட்டிக்கலாம்" என்று ஆட்கள் வர ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டான்.

இப்படியாக லாரிக்கு அடிக்கும் அதே டப்பா வண்ணத்தில் அப்பாவின் தொழுவம் ஊரெங்கும் பரவியது. கம்பாலா பஸ் நிற்கும் இடத்தில் வெளியூர்க்காரர்கள்கூட வாங்கிப் போனார்கள். வயது அறுபத்தொன்று ஆயிற்று. பால் சங்கம் நெடுஞ்சாலையைப் பார்த்து ஒரு புதுக் கட்டடம் கட்டி, அந்த நீளச் சுவரை அவளிடம் கொடுத்தது.

"பன்னெண்டு மாடு போட்டுடுங்கக்கா" என்றார் பரிக்யே.

"எண்ணிக்கையெல்லாம் சொல்லாதீங்க தலைவரே. எங்கப்பா மாடு வரும். சுவரு எத்தனைக்குக் கொள்ளுதோ அத்தனை."

திறப்பு விழாவுக்குப் பதினோரு நாள் இருந்தது. முதல் நாள் முழுக்க நின்று பிஹோகோவை வரைந்தாள். கருஞ்சிவப்பு மாடு, தொழுவத்தின் தலைவி. சாயங்காலம் பரிக்யே வந்தார், பார்த்தார், கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டார்.

"அக்கா! மாடு வெளிய போகுதே!"

கட்டடத்தின் கதவு சுவருக்கு வலது ஓரத்தில் இருந்தது. பிஹோகோ கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடப்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். பால் ஊற்ற வந்தவர்கள் கேன்களை இறக்கி வைத்துவிட்டுக் கூடினார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள்.

"வீட்டை விட்டுப் போற மாட்டச் சுவத்துல எழுதினா வெளங்குமா?"

"பாலெல்லாம் அடுத்த ஊரு சங்கத்துக்குப் போயிடும், பாத்துக்க."

"என் மாடு ஏற்கனவே கறக்க மாட்டேங்குது. இதையும் பாத்துச்சுன்னா முடிஞ்சுது."

அவர்கள் சொல்வது நியாயம் என்று கென்யங்கிக்கே தெரிந்தது. வேறு யார் சுவராக இருந்தாலும் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"இதுல என்ன இருக்கு? அப்படியே திருப்பிப் போட்டுடுங்க. கண்ணாடியில தெரியுமில்ல, அந்த மாதிரி" என்றார் பரிக்யே.

"தலைவரே, உங்களுக்கு இடது கன்னத்துல மச்சம் இருக்கு. வலது கன்னத்துல வெச்சுப் படம் போட்டு உங்க வீட்டம்மாகிட்டக் குடுத்தா யாருன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. இடத்தொடையில் இருக்கும் திட்டை எடுத்து வலத்தொடையில் ஒட்டினால் அது வேறு வீட்டு மாடு. எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"அப்ப வலப்பக்கத்தையே வரையுங்க" என்றார் பரிக்யே. "வெள்ளிக்கிழமைக்குள்ள தொடங்கலேன்னா நான் ம்பராராவுலேருந்து ஆள் கூட்டிட்டு வந்துடுவேன். பால் பாக்கெட்டுல இருக்கற மாட்டப் பாத்து ஒரே நாள்ல போட்டுடுவான்."

பால் பாக்கெட்டில் இருப்பது கறுப்பும் வெள்ளையுமாகக் கொம்பே இல்லாத சீமைமாடு. கென்யங்கி பிஹோகோ மேல் தன் கையாலேயே வெள்ளையடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிஹோகோ வந்தாள், கொம்பு, முகம், வயிறு. மெல்ல எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று மனசுக்குள் நிலைப்படியைத் தாண்டினாள். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நெற்றிச்சுட்டி மாடு கியாஷாவுக்கும் இல்லை. மயெஞ்ஜேவுக்கும் இல்லை! உப்பு வைத்த கையை நக்கிய மாட்டுக்கு மறுபுறம் என்ன நிறம் என்று தெரியவில்லை. தன் மாடுகளை உள்ளங்கை ரேகை போலத் தெரியும் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தோமே, பாதிதானே தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதே. உங்கண்ணன்தானே மேய்ச்சான். அவனைக் கேட்டா ஆச்சு" என்றார் யோகானா.

அண்ணன் முகரூராவுக்கு எழுபத்திரண்டு வயது. பழைய மலைச்சரிவுக்கே திரும்பிப் போய் நான்கு மாடு வைத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் மோர் கொடுத்தார், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றார், கோலை உயர்த்தினார். அண்ணன் மாட்டுப்பாட்டு பாடப்போகிறார் என்று அர்த்தம்.

"காட்டை நடுங்க வைத்தவள்! சிங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தவள்! ஆற்றைக் கொம்பால் அளந்தவள்! எங்கள் பிஹோகோ!"

"அண்ணே, பாட்டு வேண்டாம்ணே. வலப்பக்கம் என்ன இருந்துச்சு?"

"வலப்பக்கம் சூரியன் இருந்துச்சு, இடப்பக்கம் நிலா இருந்துச்சு."

"தழும்பு, மச்சம், சொறி, ஏதாவது?"

"நம்ம அப்பா தொழுவத்துல தழும்புள்ள மாடா? என்ன புள்ள பேசற?"

இதுதான் அவள் பயந்தது. மாட்டின் குறையை வாயால் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். நொண்டினாலும் நொண்டி என்று சொல்லக் கூடாது, கொம்பு முறிந்தாலும் முறிந்தது என்று சொல்லக் கூடாது. அப்பா போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அண்ணன் அந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மயெஞ்ஜேவைப் பற்றிக் கேட்டதற்கு, வானத்து நட்சத்திரமெல்லாம் அவள் மேல்தான் விழுந்தன என்று இன்னொரு பாட்டு வந்தது.

"அந்தச் சட்டம் ஒழிஞ்சாத்தான் உருப்படுவோம்" என்று கென்யங்கி கத்திவிட்டாள். "குறையெல்லாம் மறைச்சா அது மாடா, மணப்பொண்ணா?"

முகரூரா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மோரைக் குடித்தார். "நான் பின்னாடியே போனவன் புள்ள. எனக்கு வாலும் தூசியும்தான் ஞாபகம் இருக்கு. நீ போய் அந்த பெரேஸியக் கேளு. கொல்லை ஓரத்துல தினமும் எதிர்ல நின்னவ அவதானே" என்றார்.

அண்ணன் பாட்டையே இன்னும் நாலு கேட்டிருக்கலாம் என்று கென்யங்கிக்குத் தோன்றியது.

பாதைக்கு அந்தப் பக்கம் பெரேஸியின் வீடு. அவர்களுக்கு மாடு கிடையாது, கேழ்வரகுக் கொல்லை இருந்தது. கேழ்வரகு இந்தப் பக்கம் வரும், பால் அந்தப் பக்கம் போகும், நடுவில் மாடு புகுந்துவிட்டால் வசவும் போகும். அதெல்லாம் பழைய கதை. பிற்பாடு பெரேஸியும் ருஷோஸிக்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் வாழைப்பழம் சுட்டு விற்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன் தன் கடைக்கு ஒரு பலகை எழுதித் தரச் சொன்னாள். கென்யங்கி அழகாக ஒரு வாழைத்தார் வரைந்தாள். மூலையில் இடம் மிச்சமிருந்தது. ஒரு மாடு எட்டி அந்தப் பழத்தைத் தின்கிற மாதிரி வந்துவிட்டது.

"அன்னிக்கு எங்க கேழ்வரகத் தின்னீங்க, இன்னிக்குப் பலகையிலகூட என் பழத்தைத் தின்ன விடுறியா?" என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டுப் போன பெரேஸி அதற்குப் பிறகு பேசவில்லை. பலகையை மட்டும் எடுக்கவில்லை. வண்ணம் நல்ல வண்ணம், வீணாக்குவானேன்?

கென்யங்கி கடைமுன் போய் நின்றாள். பெரேஸி தலை நிமிராமல் அடுப்பை விசிறினாள்.

"பஸ் வர இன்னும் நேரமிருக்கு."

"நான் பஸ்ஸுக்கு வரலடி."

"பழத்துக்குன்னா கிடையாது. ஒங்க வீட்டுப் பங்கு மேல தொங்குது, மாடு தின்னுக்கிட்டிருக்கு, பாத்துக்கோ."

கென்யங்கி நேராக விஷயத்துக்கு வந்தாள். "பிஹோகோவுக்கு வலப்பக்கம் என்னடி இருந்துச்சு?"

"விலாவுல நீளமாத் தழும்பு. முள்வேலியில உரசினது" என்றாள் பெரேஸி. சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். "அதுக்கென்ன இப்போ?"

"கியாஷாவுக்கு?"

"நெத்தியில சுட்டி. அது ரெண்டு பக்கமும் தெரியும். வலது பின்னங்கால்ல முட்டி வரைக்கும் வெள்ளை. சுண்ணாம்புச் சட்டியில கால விட்ட மாதிரி. சனியன், அதுதான் வேலியத் தாண்டறதுல கெட்டிக்காரி."

கென்யங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சேடி. எப்படி?"

"நீ கதவுக்குள்ள ஒக்காந்து ஆசையாப் பாத்தே. நான் குச்சியோட நின்னு பயந்துக்கிட்டுப் பாத்தேன். பயந்தவளுக்குத்தான்டி நல்லா ஞாபகம் இருக்கும். எது கொல்லையில பூரும், எது நேராப் போகும்னு தெரியலேன்னா எங்கம்மா என் தோல உரிச்சிருப்பா."

கென்யங்கி சங்கதியைச் சொன்னாள். சுவர், கதவு, சீமைமாடு, எல்லாவற்றையும். பெரேஸி பழத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். சீமைமாடு என்றதும் அவள் முகம் சுளித்தது. "கொம்பில்லாததா? அதுக்கு எங்கம்மா திட்டின மாடே தேவல" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். சுவர் முடிந்ததும் பலகையில் இருக்கும் மாட்டை அழித்துத் தரவேண்டும். கென்யங்கி சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரேஸி கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்து, ஒரு காலிப் பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த இடத்தில் பால் ஊற்றுகிற வேலை பாதிதான் நடந்தது. எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். யோகானா வண்ணம் கலந்தார். இப்போது மாடுகள் கதவைப் பார்த்து, வலப்பக்கமாக நடந்தன.

"தழும்பு இன்னும் கீழ. அது விலாவா, முதுகா? இன்னும் கீழடி!"

"இங்கயா?"

"ஒரு விரக்கடை மேல."

"இப்பத்தான கீழன்னே?"

"ரொம்பக் கீழ போயிட்டே. ஒனக்கு எல்லாமே அளவு மீறித்தான்."

கென்யங்கி திட்டிக்கொண்டே துணியால் துடைப்பாள், திரும்ப வைப்பாள். ஒரு விரக்கடைக்காக ஒரு புள்ளியை மூன்று முறை அழித்தாள். யோகானா ஒருமுறை, "யாருக்குத் தெரியப்போவுது, விட்டுத்தள்ளு" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். மதியம் வீட்டிலிருந்து களியும் கீரையும் வரும். இரண்டு பேரும் ஒரே கூடையிலிருந்து பிட்டுச் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போதும் காஜு என்ற மாட்டின் வால் நுனி கறுப்பா பழுப்பா என்று சண்டை. ஒரு வாரத்தில் தொழுவம் சுவரில் ஏறிவிட்டது. கென்யங்கிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மாடுகளின் மறுபக்கம் தெரிந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் தெருவைக் கடந்துபோய் நின்று பார்ப்பாள். சந்தோஷத்தில் மனசு பொங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் மயெஞ்ஜேவுக்கு இடம் விட்டிருந்தாள். வியாழக்கிழமை கொம்பை வரைந்தாள். முகம், கழுத்து, உடம்பெல்லாம் வெளிர் நிறம். பெரேஸி புள்ளிகளைச் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் குரலில் சுரத்தில்லை. திட்டுகூட வரவில்லை.

"கண்ணுடி. கண்ணு எப்படி? சுத்திக் கறுப்பு வளையம் உண்டா, இடப்பக்கம் மாதிரி?"

பெரேஸி சுவரை விட்டுத் தெருவைப் பார்த்தாள்.

"ஏய், ஒன்னத்தான்."

"அந்தக் கண்ண விட்டுடேன். ஒரு கொடியோ இலையோ போட்டு மறைச்சிடு."

"மாட்டு மூஞ்சியில எதுக்குடி இலை?"

பெரேஸி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்கு வலக்கண்ணு கிடையாது கென்யங்கி. நான்தான் போக்கினேன்."

யோகானா குச்சியால் வண்ணம் கலக்குவதை நிறுத்தினார். பெரேஸி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. கதிர் முற்றி நின்ற சமயம். மயெஞ்ஜே கொல்லைக்குள் தலையை நீட்டியது. குச்சிக்குப் பயப்படவில்லை. ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். முதுகுக்குத்தான் எறிந்தாள்.

"கத்தக்கூட இல்லடி. தலைய ரெண்டு ஆட்டு ஆட்டிச்சு. அப்புறம் அந்தப் பக்கமா, ஒங்க சுவத்தப் பாத்துப் போயிடுச்சு. அன்னியிலேருந்துதான் அது எங்க பக்கமே வராம ஒங்க வாசல உரசிக்கிட்டுப் போச்சு. மறுநாள் ஒங்கப்பா வந்தாரு. மாட்டு முகத்தப் பாத்தாரு, என் கையில இருந்த கல்லப் பாத்தாரு. அப்பவும் ஒரு கல்லு வெச்சிருந்தேன், பயத்துல. ஒண்ணும் சொல்லல. போயிட்டாரு. எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. மாட்டுக் குறைய வாயால சொல்லக் கூடாதுன்னு ஒங்க வீட்டுல ஒண்ணு உண்டே, அதுதான் என்னக் காப்பாத்துச்சு. அன்னிக்கும் எங்களுக்குப் பால் வந்துச்சு."

கென்யங்கி தூரிகையைக் கீழே வைத்தாள். கல்லெறிந்தது சுட்டது. அதைவிட இன்னொன்று அதிகமாகச் சுட்டது. அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அப்ப அது என்னத் தேடி வரலியா?"

குழந்தை கேட்பதுபோல இருந்தது. பெரேஸி நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத நாளு சுவத்தத் தேடித்தான் வந்துச்சு" என்றாள். "அப்புறம் மூணு வருஷம் வந்துச்சேடி? சுவத்துக்காக எந்த மாடாவது மூணு வருஷம் நின்னு கைய நக்குமா? நான் எதிர்லயே நின்னு பாத்தவ. எனக்குத் தெரியாதா? பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும்."

கென்யங்கிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கல்லால அடிச்சவளுக்கு வயித்தெரிச்சல் வேறயாடி?" என்று மூக்கைச் சிந்தினாள். பால் ஊற்ற வந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்கள்.

பிறகு அவள் இரண்டு சின்ன டப்பா எடுத்தாள். ஒன்றில் பால்வெள்ளையில் கொஞ்சம் சாம்பல் கலந்தாள், பூ விழுந்த கண்ணுக்கு. இன்னொன்றில் இமைக்கோட்டுக்குக் கறுப்பு. மெல்லிய தூரிகையைப் பெரேஸியிடம் நீட்டினாள்.

"நீ போக்கின கண்ணு. நீயே போடு."

"எனக்கு இதெல்லாம் வராதுடி."

"கல்லு வந்துச்சில்ல? இதுவும் வரும். போடு."

பெரேஸி எழுந்து வந்தாள். பழத்துக்கு எண்ணெய் தடவுகிற தூரிகையைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை. வெள்ளை டப்பாவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கறுப்பில் தோய்த்தாள். ஒரு பெரிய வட்டம் போட்டாள், உள்ளே நிறைத்தாள், ஓரத்தில் சுண்டுவிரலால் வெள்ளையை எடுத்து ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். மயெஞ்ஜே விழித்துப் பார்த்தாள். கண் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. கோணலாகவும் இருந்தது.

யோகானா துடைக்கிற துணியை எடுத்துத் தயாராக நீட்டினார். ஒரு விரக்கடைக்கு மூன்று முறை அழித்தவள் அல்லவா. கென்யங்கி அந்தத் துணியை வாங்கினாள், அதில் தன் கையைத் துடைத்துக்கொண்டாள், தூரிகைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வண்ணத்தோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பலகையை இறக்கினாள். பெரேஸி அதைப் பிடுங்கித் திரும்ப மாட்டினாள். "இருந்துட்டுப் போகட்டும். தாருல இன்னும் ரெண்டு சீப்பு கூட்டி வரைஞ்சு குடு. அதுக்கும் பத்தணும், எனக்கும் பத்தணும்" என்றாள்.

சனிக்கிழமை திறப்பு விழா. மாவட்ட அதிகாரி வந்தார், பரிக்யே சுவர் தன் யோசனை என்று பேசினார், எல்லாருக்கும் பால் ஊற்றினார்கள். முகரூரா கோட்டுப் போட்டுக்கொண்டு கோலோடு வந்திருந்தார். சுவரின் இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு மாடாகப் பெயர் சொல்லிப் பாடிக்கொண்டே வந்தார். பிஹோகோவின் தழும்பைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினார், அதைப் போரில் பட்ட காயம் என்று பாட்டில் சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் கைதட்டிக்கொண்டே கூட வந்தார்கள். கடைசியில் மயெஞ்ஜேவுக்கு எதிரில் வந்தவர் நின்றுவிட்டார். கோல் இறங்கியது. கிட்டப் போனார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏ புள்ள" என்றார், ஊருக்கே கேட்கும்படி. "எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. இதுக்கு வலக்கண்ணு..."

பெரேஸி கையிலிருந்த பால் டம்ளரைக் கீழே வைத்தாள். கென்யங்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே! மாட்டோட குறைய வாயால சொல்லலாமா? அப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு?"

முகரூரா வாயை மூடிக்கொண்டார். தங்கையைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற பெரேஸியைப் பார்த்தார். பெரேஸியின் சுண்டுவிரல் நகத்தில் இன்னும் வெள்ளை வண்ணம் இருந்தது, அதையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கோலை உயர்த்தினார். அன்று அவர் மயெஞ்ஜேவுக்குப் பாடிய பாட்டில் அவளுக்கு இரண்டு கண்களும் இருந்தன.